ஒரு சைஸ் பெரிசு

மாணிக்கவாசகம் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். மத்திய அரசின் கட்டட இலாகாவில் மின்சாரப் பிரிவு ஜூனியர் என்ஜினீயர். வயரானாலும் மோட்டாரானாலும், கணக்குப் போட்டு வருகிற அளவை விட்டுவிட்டு அதற்கு அடுத்த அளவை எழுதிக் கொடுத்தே பழகிய கை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் முன்னறை ஜன்னலுக்கு அவர் மாட்டியிருந்த கூலர் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணும். மே மாதத்தில் வெளியே அனல்காற்று முகத்தைப் பொசுக்கும். உள்ளே சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும். இந்திராணி பொரிக்கிற அப்பளம் வாணலியிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் நமுத்துவிடும். "கூலரு நல்லாத்தான் கீது, ரூமுதான் சின்னது" என்பார் மாணிக்கவாசகம்.

அந்தக் கூலருக்கு எதிரே, பழைய ஹிந்திப் பத்திரிகையை விரித்து, என்ஜினில் மாட்டுகிற இரண்டு டர்போக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் வேணு. இந்திராணியின் புருஷன். இந்திராணி மாணிக்கவாசகத்தின் தங்கை. மூன்று பேருக்கும் ஊர் குடியாத்தம் பக்கம். வேணு பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து வெளியே வந்தவன். வந்ததும் மச்சானோடு தில்லியிலேயே தங்கி, ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, அதற்குத் தானே டிரைவர், தானே மெக்கானிக் என்று ஓட்டிக்கொண்டிருந்தான். கை சுத்தமான வேலைக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்த வாயால்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் சரோஜினி நகர், மோதி பாக் தமிழ்க் குடும்பங்கள் பஜனை கோஷ்டியாகச் சேர்ந்து பத்ரிநாத் போவார்கள். வேணுவின் பஸ்தான் போகும். மாமிகள் சமைப்பார்கள்; ஸ்டவ், தண்ணீர், காய் நறுக்குவது, மாமிகளின் முழங்கால் எல்லாம் இந்திராணி பொறுப்பு. போன வருஷம் ஹனுமான் சட்டிக்கு மேலே, கோயிலுக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. கரும்புகையைக் கக்கியதே தவிர ஏறவில்லை. பாரம் குறைய எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஆலங்கட்டி மாதிரி மழை. கோஷ்டியை நடத்துகிற வைத்தி சாரின் மனைவி விசாலாக்ஷி மாமிக்கு முழங்கால் மடங்காது. இந்திராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக ஏறினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம், இறக்கத்தில்கூட, ஒவ்வொரு வளைவுக்கும், "இங்கேயும் எறங்கணுமாடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் வேணுவுக்கு மானம் போயிற்று.

இந்த வருஷம் வைத்தி சார் வந்து பளிச்சென்று சொல்லிவிட்டார். ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவர். கோஷ்டிக்கு அவர்தான் எல்லாம். "இதோ பார் வேணு, நோக்கு விரோதமா நான் ஒண்ணும் சொல்லலை. ஹரித்வார்லே புது பஸ் கெடைக்கறது. இந்தத் தடவை ஒருத்தராவது எறங்கி நடந்தா, அதோட உன் வண்டிக்கு நமஸ்காரம்."

"சார், ஒரு செருப்புகூட ரோட்ல படாது. நான் கேரண்டி" என்று சொல்லிவிட்டான் வேணு.

யாத்திரைக்கு லாயக்கில்லை என்று வைத்தி சார் கைவிட்ட வண்டியைத் தில்லியில் எந்தத் தமிழனும் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டான். அப்புறம் பஸ்ஸை விற்றுவிட்டு யாரிடமாவது டிரைவராகப் போக வேண்டியதுதான். இது வேணுவுக்கும் தெரியும், இந்திராணிக்கும் தெரியும்.

ஆனால் வேணு சும்மா சொல்லவில்லை. மலையில் காற்று மெலிசு. காற்று போதாமல் டீசல் அரைகுறையாய் எரிவதுதான் அந்தக் கரும்புகை. அதற்கு மருந்து டர்போ. நத்தை மாதிரிச் சுருண்ட இரும்புக் கூடு. உள்ளே ஒரே தண்டில் இரண்டு சக்கரம். என்ஜினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கும். வீணாய்ப் போகிற புகையிலிருந்தே வேலை வாங்குகிற சாமான். காஷ்மீரி கேட்டில் ஒரு சர்தார்ஜி, "தோனோ லே ஜாவ் பையா" என்று, இரண்டையும் கொண்டுபோய்ப் பொருந்துவதை வைத்துக்கொள்ளும்படி, பெரிதும் சின்னதுமாக இரண்டைக் கோணியில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"இதுல இன்னா மாப்ள யோசன? பெருசு கையில இருக்கும்போது யாராவது சின்னத மாட்டுவாங்களா?" என்றார் மாணிக்கவாசகம்.

"நானும் அதத்தான் பாக்கறேன் மச்சான். லடாக்ல, லே-ல எங்க யூனிட் ஜெனரேட்டருக்கு இத்தாம் பெருசு மாட்டினேன். அந்தக் குளுருல, அந்த ஒசரத்துல, நாள் பூரா கிண்ணுனு ஓடிச்சி."

"எங்க பில்டிங்ல இன்னா கொறைச்சலு? கரண்டு போனா லிஃப்டு, பம்ப்பு அல்லாத்தையும் இழுக்குது ஒரே ஜெனரேட்டர் செட்டு. அதுலயும் பெருசுதான் மாட்டிக்கீது. ஒரு நாள் ஒரு கம்ப்ளைண்ட் கெடையாது."

டீ கொண்டு வந்த இந்திராணி குனிந்து, விளையாட்டாகச் சின்ன டர்போவின் வாயில் ஊதினாள். சக்கரம் விர்ரென்று சுற்றியது. பெரியதில் ஊதினாள், அது அசையவில்லை.

"இது லேசா சுத்துதே!" என்றாள்.

"சின்னதாச்சே, லேசாத்தான் சுத்தும். போய் இன்னும் கொஞ்சம் சர்க்கர போட்டுக் கொண்டா" என்றான் வேணு. சின்னது கோணிக்குள் திரும்பிப் போயிற்று.

மறுநாள் வேலை தொடங்கியது. பார்க்கை ஒட்டிய சந்தில், வேப்ப மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, வேணு அடியில் புகுந்தான். காலை வெயிலுக்கே ஸ்பானர் கையைச் சுட்டது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தான். டர்போவை என்ஜினில் உட்கார்த்தும் பட்டையைக் கோட்லா முபாரக்பூரில் ஒரு வெல்டரிடம் நின்று வெட்டி வாங்கினான். தண்டு தேயாமலிருக்க எண்ணெய்க் குழாய் ஒன்று, காற்றுக்குழாய் ஒன்று, எல்லாம் ஆயிற்று. மாணிக்கவாசகம் ஆபீஸ் விட்டு வந்ததும் பனியனோடு வந்து குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தார். எதிர்க் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மாள், எப்போது இந்தத் தட்டல் நிற்கும் என்று கேட்டுவிட்டு, கூடவே ஒரு கூஜா மோரும் கொடுத்தனுப்பினாள்.

கடைசியாக வேணு தன் குணத்துக்கேற்ற ஒரு காரியம் செய்தான். காற்று எவ்வளவு அழுத்தமாக என்ஜினுக்குள் போகிறது என்று காட்டும் மீட்டரை, தனக்குத் தெரிகிற இடத்தில் வைக்காமல், பயணிகள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன் கண்ணாடிக்கு நடுவில் மாட்டினான்.

வைத்தி சாரை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிற பாலம் ரோட்டில் காலி வண்டியை விரட்டினான். தௌலா குவான் தாண்டி வேகம் பிடித்ததும் விசில் மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. மீட்டர் ஊசி அது பாட்டுக்கு ஏறியது. வைத்தி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "அட, எங்கேயோ போறதே! வேணு, இது பஸ்ஸா, ஏரோப்ளேனா?" அன்று சாயங்காலத்துக்குள் சரோஜினி நகர் மார்க்கெட்டிலிருந்து மோதி பாக் வரை எல்லோருக்கும் ஊசி எவ்வளவு ஏறிற்று என்பது தெரிந்துவிட்டது. கறிவேப்பிலை வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போன இந்திராணியை முன்பின் தெரியாத மாமி ஒருத்தி நிறுத்தி விசாரித்தாள். வேணு தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூஜை. கோஷ்டியில் வழக்கம் என்னவென்றால், யாத்திரைக்கு எடுத்துப் போகிற அத்தனையையும் ஏற்றி, அத்தனை பேரும் உட்கார்ந்து, ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போய் முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வருவது. அரிசி மூட்டை, பித்தளை அண்டா, ஸ்டவ்கள், படுக்கைச் சுருள், ஹார்மோனியம், கூடவே ஒரு கிரைண்டர் கல்லும் கூரைமேல் ஏறியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாமிகள் காலையிலேயே கிண்டிய சர்க்கரைப் பொங்கல் மூடி போட்ட தவலையில் பின்சீட்டில் இருந்தது. நேரே கோயிலுக்குப் போயிருக்கலாம். வேணுவுக்கு மனசு கேட்குமா? தில்லியில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள இருப்பதெல்லாம் ஆசியாட் பந்தயத்துக்காகக் கட்டின மேம்பாலங்கள்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று மூல்சந்த் மேம்பாலத்துக்கு வண்டியைத் திருப்பினான்.

பாலத்தில் பாதி ஏறியபோது முன்னால் ஒரு ஆட்டோ மக்கர் பண்ணி நின்றது. வேணுவும் நின்றான். ஆட்டோக்காரன் தள்ளிக்கொண்டு ஓரம் போனதும், பிரேக்கை விட்டு, கிளட்சைத் தளர்த்தி, பெடலை அழுத்தினான்.

என்ஜின் முனகியது. பஸ் ஒரு முழம் பின்னால் உருண்டது. பெடல் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊசி அசையாமல் கிடந்தது. பின்னால் புகை கருப்பாகச் சுருண்டது. வேணுவுக்கு அக்குள் வேர்த்தது. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று இருக்கும்போதே, திடீரென்று விசில் கிளம்பி, யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி பஸ் பாய்ந்தது. ஊசி துள்ளி உச்சிக்குப் போயிற்று. தவலை கவிழ்ந்து பொங்கல் நடைபாதையில் வழிந்தது. அப்புறம் பஸ் முழுக்கக் கைதட்டல்.

"பார்த்தேளா, எப்படிப் பாஞ்சுது!" என்றார் வைத்தி சார்.

வேணு சிரிக்கவில்லை. கண்ணாடியில் இந்திராணியைப் பார்த்தான். அவள் கை தட்டவில்லை. விசாலாக்ஷி மாமியின் தோளை அணைத்துப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் எல்லோரும் படியேறிப் போனபின் வேணு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தான். இந்திராணி பொங்கலை வழித்துக்கொண்டே, "இன்னா ஆச்சி?" என்றாள்.

"தப்பாப் போச்சிம்மே."

"அல்லாரும் கைத்தட்றாங்க."

"அதான் பயமா கீது. அந்த ஒத இங்க வந்தா பொங்கலு கொட்டுது. மலையில வளைவுக்குள்ள, ஸ்டியரிங்க முழுக்க ஒடிச்சிக்கினு இருக்கச்சொல்ல வந்தா?"

அவனுக்கு இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. பெரிய சக்கரத்தைச் சுற்ற நிறையப் புகை வேண்டும். நிறையப் புகைக்கு என்ஜின் வேகமாக ஓட வேண்டும். பாலம் ரோட்டில் காலி வண்டி வேகமாக ஓடிற்று, சரி. வளைவில் நின்று கிளம்புகிற வண்டிக்கு வேகம் ஏது? ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓடும். நின்று கிளம்பாது, வளைவில் திரும்பாது. பட்டாளத்திலும் சரி, மச்சான் ஆபீசிலும் சரி, இருவரும் கண்டதெல்லாம் ஜெனரேட்டர். இரண்டு கெட்டிக்காரர்களும் சேர்ந்து பஸ்ஸை ஜெனரேட்டராக நினைத்துவிட்டார்கள்.

"அன்னைக்கு நீ ஊதச்சொல்ல சின்னது சுத்திச்சி பாரு. எனக்குக் கண்ணு இருந்தும் பாக்கல" என்றான்.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? சும்மா ஊதனேன்" என்றாள் இந்திராணி. "இப்ப இன்னா பண்ணப் போற? சொன்னா வைத்தி சாரு ஹரித்வாருக்கு ஃபோன் போட்ருவாரு. சொல்லாம வுட்டா யாருக்கும் தெரியாது."

"ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்த வளைவுக்குத் தெரியும்" என்றான் வேணு.

வைத்தி சார் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கி வந்ததும் நேரே அவரிடம் போனான். "சார், இந்த டர்போ சரியில்ல. கழட்டிட்டு சின்னது மாட்டப்போறேன்."

வைத்தி சாருக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னடாப்பா இது? நன்னா ஓடிண்டிருக்கறதை எதுக்குப் பிரிக்கறே? அத்தனை பேர் கண்ணாலே பார்த்தா!"

"அவங்க கடைசியில பாஞ்சதப் பாத்தாங்க சார். அதுக்கு முன்னாடி பின்னால உருண்டத நான் பாத்தேன். கூப்ட ஒடனே வராத ஆளு, எவ்ளோ பலசாலியா இருந்து இன்னா சார் பிரயோசனம்?"

"நாலு நாள்லே கிளம்பணும். இப்போ போய்ப் பிரிச்சுப் போட்டு, சேராமே போனா?"

"சேரும். நான் மாட்டறேன்."

"அன்னிக்கும் கேரண்டின்னே" என்றார் வைத்தி சார். வேணுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் தலையைக் குனியவில்லை. "இன்னைக்கும் கேரண்டிதான் சார். அன்னைக்கு வாயால சொன்னேன். இன்னைக்குப் பாத்துட்டு சொல்றேன்."

விசாலாக்ஷி மாமி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். "அவன் வண்டி, அவனுக்குத் தெரியாதா? விடுங்கோளேன்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் மச்சானைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "சின்னத மாட்டினா பிளெயின்ஸ்ல மூச்சு முட்டும் மாப்ள. வேகமா ஓடச்சொல்ல அம்மாம் புகையும் அந்தச் சின்ன வாயில எப்படி வெளிய போவும்? நீ ஹைவேல கட்ட வண்டிக்குப் பின்னால போவணும்."

"போறேன் மச்சான். பிளெயின்ஸ்ல யாரும் எறங்கி நடக்கப் போறதில்ல."

மாணிக்கவாசகம் விடுவதாக இல்லை. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், மார்ஜின் வேண்டாமா என்று பேசிக்கொண்டே சாப்பாட்டுத் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்தார். அது துணி மாதிரித் தொங்கியது. இந்திராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ண்ணா, அந்தக் கூலருக்கு இன்னா மார்ஜின் வெச்ச?"

அவர் அப்பளத்தைப் பார்த்தார். கூலரைப் பார்த்தார். முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "புள்ளைங்களுக்கு சொக்காய் எடுக்கச்சொல்ல ஒரு சைஸ் பெருசா எடுக்கலாம், வளரும். இன்ஜின் வளராது. மாட்டு மாப்ள சின்னத. எண்ணெய்க் கொழாய நான் வளைச்சித் தரேன்." ஆனால் கூலரை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாட்டினார்கள். முழுப் பாரத்தோடு அதே மேம்பாலத்தின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பினான் வேணு. கால் அழுந்தியதும் ஊசி எழுந்தது. பஸ் பின்னால் உருளாமல் மேலே நகர்ந்தது. உதை இல்லை, விசில்கூட சன்னமாகத்தான். ஆனால் பாலம் ரோட்டில் ஊசி பாதிக்கு மேல் போக மாட்டேன் என்றது. வைத்தி சார் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஹரித்வார் ஃபோன் நம்பரை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

யாத்திரை கிளம்பியது. மீரட் தாண்டியதிலிருந்து பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் வைத்தி சார் ஒரு பெருமூச்சு விட்டார். "ஊசி பாதியிலேயே நின்னுடறதே" என்றார்.

"எவ்ளோ ஏறுதுன்னு பாக்காதீங்க சார். எவ்ளோ சீக்கிரம் ஏறுதுன்னு பாருங்க" என்றான் வேணு. வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம், டர்போ சூடு தணியட்டும் என்று என்ஜினைச் சற்று ஓடவிட்டே அணைத்தான். டீசல் வீணாகிறதே என்று அதற்கும் ஒரு பெருமூச்சு வந்தது. ரிஷிகேசம் தாண்டி மலை தொடங்கியதும் பெருமூச்சுகள் குறைந்தன. ஜோஷிமடத்தில் ராத்தங்கினபோது ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வைத்தி சார், "இன்னி வரைக்கும் தேவலை" என்றார்.

மறுநாள் ஹனுமான் சட்டியில் டீ. விசாலாக்ஷி மாமி டீ குடித்ததும், பையிலிருந்து கான்வாஸ் ஷூவை எடுத்தாள். போன வருஷத்து நடைக்குப் பிறகு சரோஜினி நகரில் வாங்கினதாம். மடிசாரைச் சற்றே உயர்த்தி, இந்திராணியைக் கொண்டு கயிறு கட்டிக்கொண்டாள். சால்வையைப் போர்த்தி, மடியில் குடையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் தயாராக உட்கார்ந்தாள். வேணு கண்ணாடியில் பார்த்தான். பஸ் கிளம்பியதும் மாமி கண்ணை மூடிக்கொண்டு ஸஹஸ்ரநாமம் சொல்லத் தொடங்கினாள்.

மழை பிடித்துக்கொண்டது. காற்று மெலிந்துகொண்டே வந்தது. அந்த வளைவும் வந்தது. சரியாக அதன் மடக்கில், முன்னால் வேறு ஏதோ ஊர் பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தது. அதன் ஜனங்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். வேணு நிற்க வேண்டியதாயிற்று. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம், வெகு கீழே, அலகநந்தா. வைத்தி சாரின் கண் மீட்டரிலேயே இருந்தது.

அந்த பஸ் மெல்ல ஒதுங்கி வழி விட்டது. வேணு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தான். கிளட்சை விட்டான். பெடலில் காலை வைத்த மாத்திரத்தில் ஊசி எழுந்தது. அவசரமில்லாமல், ஆனால் தயங்காமல் எழுந்தது. பஸ் உருளவில்லை, குதிக்கவில்லை. வளைவைச் சுற்றி ஏறி, அடுத்த வளைவையும் சுற்றி ஏறி, மூன்றாவது கியருக்குப் போயிற்று. பின்சீட்டுத் தவலையில் தண்ணீர்கூடத் தளும்பவில்லை.

வைத்தி சார் சட்டைப் பையிலிருந்து ஹரித்வார் ஃபோன் நம்பர் எழுதின துண்டுக் காகிதத்தை எடுத்தார். கசக்கி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் போல மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸஹஸ்ரநாமம் முடிந்து மாமி கண்ணைத் திறந்தபோது தூரத்தில் பத்ரியின் பனிச் சிகரம் தெரிந்தது. குடையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி இந்திராணி, அந்த வளைவு எப்போடி வரும்? ஷூவை மாட்டிண்டு காத்துண்டிருக்கேன்" என்றாள்.

இந்திராணி கண்ணாடியில் வேணுவைப் பார்த்தாள். வாய் நீளமான மனுஷன். இப்போது சொல்லிக்கொள்ள எவ்வளவோ இருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அது அப்பவே போயிடுச்சி மாமி" என்றாள் இந்திராணி.

மாமி நம்பாமல் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "அப்போ இதை அவுத்து விடுடி, காலை இறுக்கறது" என்று பாதத்தை நீட்டினாள்.